சைக்கிள் பழகிய பிள்ளையோடு குடும்பமாகப் போனபோது வழியில் யாரைச் சந்தித்தீர்கள்? பெற்றோர் சிலரின் பதில்கள்:

மகளுக்கு ஆறு வயது. பக்கச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு இப்போதுதான் தனியாக ஓட்டுகிறாள். முன்னால் அவள் அம்மா, நடுவில் அவள், பின்னால் நான். வண்டி வராத பாதையாகப் பார்த்துத்தான் போகிறோம். அங்கே எங்களைக் கதிகலங்க வைப்பவர்கள் பாராட்டுகிறவர்கள்தான்!

எதிரே நடந்து வந்த தாத்தா ஒருவர், "அடடே, சூப்பரா ஓட்டுறியே பாப்பா!" என்று கை தட்டினார். இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மிதித்தாள். புதிதாகப் பழகிய பிள்ளைக்குக் கண் போகிற பக்கம்தான் ஹேண்டில்பாரும் போகும். சைக்கிள் நேராக அவர் மேலேயே போனது. மனிதர் விவரமானவர். சட்டென்று ஓரமாக ஒதுங்கி, "என்னைப் பாக்காத கண்ணு, அதோ அந்த மரத்தைப் பாரு" என்றார். அவள் மரத்தைப் பார்த்தாள், சைக்கிளும் நேராகிவிட்டது.

அதிலிருந்து யாராவது சிரித்துக்கொண்டு எதிரே வந்தாலே நான் முந்திக்கொள்கிறேன்: "தூரத்துல என்னம்மா தெரியுது?" பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் கிடையாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், தோளோடு வண்டியும் திரும்பும்.

இன்னொன்று, அவள் வேகத்துக்குப் பெரிய சைக்கிளை ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. வேகம் குறையக் குறைய வண்டி ஆடும். எங்கள் மூவரில் அதிகம் தள்ளாடுவது நான்தான்.

*

எங்களை மறித்தது ஒரு நாய். ஓரமாகப் படுத்திருந்தது எழுந்து குரைத்தது, அவ்வளவுதான். பையன் மிரண்டுபோய் வேகமாக மிதிக்க ஆரம்பித்தான். ஓடுவதைக் கண்டால் துரத்தத்தானே அதற்குத் தோன்றும்? என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "இறங்குடா, நடந்தே போயிடலாம்" என்றார். நாய்க்கும் எங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கிற மாதிரி உருட்டிக்கொண்டு, அதை முறைக்காமல் மெதுவாக நடந்தோம். கொஞ்ச நேரத்தில் அதற்கே சலித்துவிட்டது. இப்போது தூங்குகிற நாயைக் கண்டாலும் பையன் இறங்கிவிடுகிறான். பாதி சவாரி, பாதி நடை. போகட்டும்.

*

எங்களுக்குக் கிடைத்தவர் எதிரே சைக்கிளில் வந்த ஓர் அம்மா. சின்ன இறக்கத்தில் என் மகன் பிரேக்கைத் தொடாமல் செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, "லீவர் விரலுக்கு எட்டுதான்னு பாருங்க" என்றார். எட்டவில்லை! பல சைக்கிள்களில் லீவர் பக்கத்திலேயே குட்டி ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. அதை முடுக்கினால் லீவர் உள்பக்கம் நெருங்கி வரும். ரொம்பவும் நெருக்கிவிட்டால் பிரேக் பிடிப்பதற்குள் லீவர் கைப்பிடியில் முட்டிவிடும், அதையும் அவரே அழுத்திப் பார்த்துக் காட்டினார். அன்றோடு செருப்பு தேய்வது நின்றது.

*

"இன்னும் வேகமா மிதிடா தம்பி" என்று சொல்லிக்கொண்டே முந்திப் போகிற பெரியவர்களும் உண்டே, அவர்களை என்ன செய்வது? 16 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.25 மீட்டர்தான் நகரும், அவர்கள் சக்கரம் 2 மீட்டருக்கு மேல் போகும். போதாக்குறைக்கு, சில இரும்புச் சைக்கிள்கள் பிள்ளையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி இருக்கும். அப்படிச் சொல்கிறவரை அந்தக் குட்டி சைக்கிளில் ஒருமுறை உட்கார வைக்க எனக்கு ஆசை.