களத்து ரேடியோவில் இன்னும் ஏன் 16 கிலோபிட்? செல்போன் நெட்வொர்க்கை அப்படியே கொண்டுபோக முடியாதா?

ரூட்டர்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருடம் அலுவலக நெட்வொர்க், டேட்டா சென்டர் என்றே ஓடிவிட்டது. மூன்று மாதம் முன்புதான் வேலை மாறினேன். இப்போது இருக்கும் குழு எழுதுவது, களத்தில் உள்ள வண்டிகளும் பிரிவுகளும் எங்கே நிற்கின்றன என்பதைக் கட்டளை மையத்தின் வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டும் மென்பொருள். ஆய்வகத்தில் கேபிள் போட்டு ஓட்டியபோது அருமையாக இருந்தது. போன வாரம் முதல்முறையாக நிஜ ரேடியோக்களில் மாட்டி, 40 நிலையங்களை வைத்துச் சோதித்தோம். சில நிமிடங்களிலேயே வரைபடம் உறைந்துவிட்டது. புள்ளிகள் பத்து நிமிடத்துக்கு முந்தைய இடத்தைக் காட்டுகின்றன, அதே நெட்டில் (ஒரே சேனலைப் பகிரும் ரேடியோக் குழுவில்) குரலில் பேச முயன்றவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. ரேடியோ தரப்பில் இருந்தவர் "உங்கள் மென்பொருள் ரொம்பப் பேசுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஒவ்வொரு நிலையமும் 5 வினாடிக்கு ஒரு முறை தன் இடத்தை அனுப்புகிறது, ஒரு செய்தி சுமார் 800 பைட், ஜேசன் வடிவம் (எல்லாவற்றையும் எழுத்தாக விரித்து எழுதுவது), டிசிபி மேல் (அனுப்பியதற்கு 'கிடைத்தது' என்ற பதிலை எதிர்பார்க்கும் நெறிமுறை). என் பழைய வேலையில் இதெல்லாம் தூசு. ஆனால் இந்த வி.ஹெச்.எஃப். ரேடியோ வினாடிக்கு 16 கிலோபிட்தான் தருகிறது. கையில் இருக்கும் செல்போன் மெகாபிட் கணக்கில் ஓடும்போது இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் கருவி ஏன் இப்படி? ஒரு வண்டியில் எல்டிஇ (4ஜி செல்போன்) கோபுரத்தை வைத்து ஓட்டினால் என்ன? செயற்கைக்கோள் இருக்கிறதே? குறை சொல்ல வரவில்லை, உண்மையாகவே புரிந்துகொள்ள வேண்டும்.

---

அலைநீளம்_10மீ:

வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், அந்த வேகம் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். களத்து வி.ஹெச்.எஃப். பெரும்பாலும் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த நீளமான அலை மேட்டைச் சுற்றி வளைந்து இறங்கும், மரக்கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வரும். எல்டிஇ ஓடும் அதிர்வெண்களில் பெரும்பாலானவை இலையிலும் மண்மேட்டிலும் செத்துவிடும், அதனால்தான் ஊருக்குள் கோபுரத்தின் மேல் கோபுரமாக நிற்கிறது.

அப்புறம் இரைச்சல். 25 கிலோஹெர்ட்ஸ் சேனலை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் அகலம் 800 மடங்கு, அந்த அகலத்தோடு உள்ளே வரும் இரைச்சலும் 800 மடங்கு, அதாவது 29 டெசிபெல். முதுகில் சுமக்கும் 5 வாட் செட்டில் அந்த 29 டெசிபெல்லுக்கு எங்கே போவது? குறுகிய சேனல் வைத்திருப்பது யாருக்கும் தெரியாமல் செய்த தவறு இல்லை, தூரத்துக்காகத் தெரிந்தே கொடுத்த விலை.

---

பழைய சிக்னல்:

தம்பி, மேலே நண்பர் சொன்ன இயற்பியல் சரி. ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதை அலுவலக நெட்வொர்க்கில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். உங்கள் பழைய வேலையில் ஒரு பாக்கெட் போனால் அதைப் பெறுபவர் ஒருவர். களத்தில் ஒரு பாக்கெட் போனால் பெறுபவர் இரண்டு பேர், இரண்டாவது ஆள் எதிரி. அவருக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டியதே இல்லை. எங்கிருந்து வருகிறது, எத்தனை வருகிறது, எப்போது திடீரென்று கூடுகிறது, இது போதும். இரண்டு மூன்று இடங்களில் திசை காணும் ஆண்டெனா வைத்தால் கோடுகள் வெட்டும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், அடுத்து பீரங்கிக் குண்டு வரும்.

நான் சர்வீஸில் இருந்தபோது ஒரு பயிற்சியில் எங்கள் கட்டளை மையத்தை வலை போட்டு, மண் நிறத் துணி போட்டு, வண்டித்தடத்தைக்கூட அழித்து மறைத்தோம். எதிர்த்தரப்பாக நடித்த குழு எங்களை இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டது. எப்படி என்றால், பத்துக்கும் மேற்பட்ட ஆண்டெனாக்களை ஒரே இடத்தில் நட்டு வைத்திருந்தோம், எல்லாச் செட்டும் முழு பவரில். கண்ணுக்கு மறைந்திருந்தோம், வானலையில் திருவிழா போல வெளிச்சம். அதற்குப் பிறகு ஆண்டெனாக்களைத் தள்ளி வைத்து கேபிளில் இழுப்பதும், பவரை ஒவ்வொரு படியாகக் குறைத்து அடுத்தவருக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவில் நிறுத்துவதும் எங்களுக்குப் பழக்கமானது. இதை நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பயிற்சி நிஜமாக இருந்திருந்தால் அந்தக் கூடாரத்தில் இருந்த ஒருவரும் வீடு திரும்பியிருக்க மாட்டோம்.

நிஜத்தில் நடந்ததும் உண்டு. 1914-இல் டானன்பர்க் சண்டையில் ரஷ்யப் படைகள் தங்கள் அடுத்த நாள் நகர்வை மறையாக்கமே இல்லாமல் வானலையில் அனுப்பின, ஜெர்மானியர் உட்கார்ந்து படித்தார்கள். வியட்நாமில் அமெரிக்கரிடம் நெஸ்டர் என்ற குரல் மறையாக்கக் கருவி இருந்தது, ஆனால் அது கனம், வெப்பத்தில் கோளாறு, அதனால் நிறையப் பேர் அதை எடுத்துப்போகாமல் திறந்த குரலிலேயே பேசினார்கள். 1969 டிசம்பரில் எதிரியின் ஒட்டுக்கேட்கும் குழு ஒன்றை அமெரிக்கர் பிடித்தபோது, தங்கள் சொந்தப் பேச்சு கைப்பட எழுதப்பட்ட குறிப்பேடுகளாகக் கிடைத்தது. பயன்படுத்த முடியாத பாதுகாப்பை ஆட்கள் கழற்றி வைத்துவிடுவார்கள், மென்பொருள் எழுதும் நீங்கள் இதை மறக்கவே கூடாது.

1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பல் எக்ஸோசெட் ஏவுகணையால் அடிபட்டது, 20 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் கப்பல் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது, அந்த ஒலிபரப்பு எதிரியின் ரேடாரை உணரும் கருவியைச் செவிடாக்கிவிட்டது. பேசிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. காரணங்கள் வேறு சிலவும் உண்டு, ஆனால் இது அதில் ஒன்று.

ஆக, 5 வினாடிக்கு ஒரு முறை 40 நிலையம் கத்துகிறது என்று படித்தபோது எனக்கு அலைவரிசை நெரிசல் இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது, அந்த 40 புள்ளிகளும் உங்கள் வரைபடத்துக்கு வருவதற்கு முன்பே எதிரியின் வரைபடத்தில் இருக்குமே என்பதுதான். எல்டிஇ கைபேசிக்கும் இதே பிரச்சினை. நீங்கள் அழைக்காவிட்டாலும் அது கோபுரத்திடம் அவ்வப்போது ஆஜர் சொல்லிக்கொண்டே இருக்கும், கோபுரம் விழுந்தால் அதைச் சார்ந்த எல்லோரும் ஒரே நொடியில் ஊமை.

---

பிட்_கணக்கு:

பாதுகாப்புப் பக்கத்தை ஐயா சொல்லிவிட்டார். நான் உங்கள் மென்பொருளுக்கு வருகிறேன்.

40 நிலையம், 800 பைட், 5 வினாடி. அதாவது வினாடிக்கு 51,200 பிட், இதில் டிசிபி, ஐபி தலைப்புகள் சேரவில்லை. சேனல் 16,000. கணக்கு அங்கேயே உடைகிறது, வேறு எதையும் தேட வேண்டாம். அதற்கும் மேல், இது ஸ்விட்ச் இல்லை, ஒருவர் பேசும்போது மற்றவர் எல்லோரும் வாய் மூடியிருக்க வேண்டிய ஒரே சேனல். ஒவ்வொரு முறை செட் ஒலிபரப்பத் தொடங்கும்போதும் பவர் ஏறவும் மறையாக்கம் ஒத்திசையவும் கொஞ்சம் நேரம் போகும். உங்கள் கணக்கில் வினாடிக்கு 8 முறை யாராவது தொடங்குகிறார்கள், அந்தத் தொடக்க நேரமே சேனலைத் தின்றுவிடும்.

இப்போது அதே செய்தியைச் சுருக்குவோம். அட்சரேகைக்கு 24 பிட், தீர்க்கரேகைக்கு 25 பிட் கொடுத்தாலே ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 1.2 மீட்டர். நாளின் எத்தனையாவது வினாடி என்பதற்கு 17 பிட் போதும். நிலைய எண்ணுக்கு 10 பிட், 1024 பேர் வரை. மொத்தம் 76 பிட், பத்து பைட்டுக்கும் குறைவு. 800 எங்கே, 10 எங்கே! ராணுவச் செய்தி வடிவங்கள் பிட் பிட்டாக அடுக்கியிருப்பதைப் பார்த்து, நானும் முதலில் பழைய காலத்து ஆட்கள் என்று நினைத்தேன். இந்தக் கணக்கைப் போட்டபிறகு அவர்கள் மேல் மரியாதை வந்தது.

அடுத்தது, நிற்கும் வண்டி எதற்குப் பேச வேண்டும்? 100 மீட்டர் நகர்ந்தால் அனுப்பு, இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று சொல், அவ்வளவுதான். பல நிலையங்களின் இடத்தைச் சேர்த்து ஒரே ஒலிபரப்பில் அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

டிசிபியை விட்டுவிடுங்கள். தூரத்து நிலையங்களுக்கு ஹெச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை) போட்டீர்கள் என்றால் நான் சொல்வது உறைக்கும். அங்கே 3 கிலோஹெர்ட்ஸ் சேனலில் நிலைமைக்கு ஏற்ப 75 முதல் 9600 பிட் வரைதான், சிக்னல் மங்குவதைச் சமாளிக்க மோடம் பிட்களைக் கலைத்து அடுக்கும், நீண்ட அடுக்கு என்றால் அதற்கே 4.8 வினாடி. பதில் வரத் தாமதமானதும் டிசிபி பாக்கெட் தொலைந்தது என்று முடிவு செய்து மறுபடி அனுப்பும், நெரிசல் என்று நினைத்து வேகத்தையும் குறைக்கும். இருப்பிடச் செய்திக்கு உறுதிப்பாடே தேவையில்லை, ஒன்று தொலைந்தால் அடுத்தது வரும். உத்தரவுக்குத்தான் 'கிடைத்தது' என்ற பதில் வேண்டும். இரண்டையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள்.

---

ரூட்டர்காரன்:

76 பிட் கணக்கைக் குழுவில் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. நன்றி. ஐயா சொன்னதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை, இதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். செயற்கைக்கோள் பற்றி மட்டும் இன்னும் புரியவில்லை. குறுகிய கற்றையில் மேலே போவதால் எதிரிக்குத் தரையில் கேட்பது கடினம்தானே?

---

மெஷ்_மணி:

ஆமாம், அந்த வகையில் நல்லதுதான், பயன்படுத்தவும் வேண்டும். ஒன்றை மட்டுமே நம்பக்கூடாது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது தாக்குதல் தொடங்கிய அதே நாளில் கேஏ-சாட் செயற்கைக்கோள் சேவையின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை, தரையில் உள்ள நிர்வாக நெட்வொர்க்கில் புகுந்து மோடம்களின் நினைவகத்தை அழித்தார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முடியாமல் போனதும் அதே அடியில்தான். இதனால்தான் முதன்மை, மாற்று, தற்செயல், அவசரம் என்று நான்கு வழிகளை முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். உங்கள் மென்பொருள் இந்த நான்கில் எதில் ஓடுகிறது என்று தெரிந்து தானாகவே பேச்சைக் குறைக்க வேண்டும்.

ஆனால் மேலே பேசியவர்களோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. பழைய குறுகிய செட்டே எல்லாவற்றுக்கும் மருந்து என்ற தொனி வேண்டாம். ஒரு சிறு பிரிவுக்குள், சில கிலோமீட்டருக்குள், மெஷ் ரேடியோ வீடியோவையே தருகிறது, கோபுரமும் தேவையில்லை, ஒவ்வொரு செட்டும் செய்தியை அடுத்த செட்டுக்குக் கடத்தும் ரிலே. குறை என்னவென்றால், செய்தி ஒரே அலைவரிசையில் செட்டுக்குச் செட் தாவும்போது ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் மேல்மட்டக் கட்டளைக்குப் போகப் போகச் செய்தியைச் சுருக்குங்கள், கீழே சிறு பிரிவுக்குள் அகலமாக விடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைக்கவும் கனவு காணாதீர்கள். 1983 கிரெனடாவில் தரையில் இருந்த அமெரிக்கப் படையும் கடலில் இருந்த கப்பல்களும் நேராகப் பேச முடியாமல் தவித்தன, அந்த வலி நிஜம். அதற்கு மருந்தாக எல்லா அலைவடிவத்தையும் (ரேடியோக்கள் பேசும் வெவ்வேறு முறைகளை) மென்பொருளில் ஓட்டும் ஜேடிஆர்எஸ் என்ற அமெரிக்க ராணுவ ரேடியோத் திட்டம் வந்தது, அதில் வண்டிகளுக்கான ரேடியோவைப் பல வருடச் செலவுக்குப் பிறகு 2011-இல் கைவிட்டார்கள்.

---

பழைய சிக்னல்:

மணி சொல்வது நியாயம், சிறு பிரிவுக்குள் மெஷ் நல்லது, நான் மறுக்கவில்லை. அங்கேயும் பவரைக் குறைத்து வையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பி, இன்னொன்று கேட்க மறந்தேன். செய்தியில் போடும் நேரத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

---

ரூட்டர்காரன்:

ஒவ்வொரு டேப்லெட்டின் கடிகாரத்திலிருந்தும். அது ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்கும்.

---

பிட்_கணக்கு:

ஜிபிஎஸ் ஜாம் ஆகும் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் தாவும் ரேடியோவுக்கு நேரம்தான் உயிர். அமெரிக்கப் படையின் சிங்கார்ஸ் வகை வி.ஹெச்.எஃப். ரேடியோ 2320 சேனல்களுக்குள் வினாடிக்கு 111 முறை தாவும், எல்லோர் கடிகாரமும் ஒத்துப்போனால்தான் ஒரே தாவலில் சந்திக்க முடியும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுள்ள படிகம் ஒரு நாளில் 0.09 வினாடிதான் விலகும், சில வினாடி வரை பொறுக்கும் அந்த செட்டுக்கு அது பிரச்சினையில்லை. நேட்டோ படைகளின் தரவு வலையான லிங்க் 16-இல், ஒருவர் பேச ஒதுக்கும் நேரத்துண்டே 7.8 மில்லிவினாடி, 0.09 என்றால் பதினோரு துண்டு தள்ளிப் போய்விடும். அதனால் அங்கே ஒரு முனையத்தை நேரத்துக்கு ஆதாரமாக வைத்து, மற்றவை அதைக் கேட்டே ஒத்திசைகின்றன. அந்த நேரம் உலக நேரத்தோடு பொருந்தாவிட்டாலும் நெட் ஓடும்.

உங்கள் மென்பொருளும் அப்படியே செய்யட்டும். முடிந்தால் நேரத்தை ரேடியோவிடமே கேளுங்கள். பெறும் பக்கத்தில், அனுப்பியவரின் நேரம் எதிர்காலத்தில் இருந்தால் புள்ளியைத் தூக்கி எறியாமல் சந்தேக நிறத்தில் காட்டுங்கள். எவ்வளவு பழைய புள்ளி என்பதும் வரைபடத்தில் தெரிய வேண்டும். பத்து நிமிடத்துக்கு முந்தைய இடத்தைப் புதியது போலக் காட்டுவது, காட்டாமல் விடுவதைவிட மோசம், அந்த இடத்தை நம்பி யாராவது சுடுவார்கள்.