பக்கத்து சைட்டில் செட்பேக் விடாமல் மேல்தளம் ஏறுகிறது: யாரிடம், எதைச் சொல்லி மனு கொடுப்பது?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கமுங்க. கொங்குப் பக்கம் ஒரு மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிற சைட்டு. பக்கத்து மனை 40க்கு 60, அதாவது 2,400 சதுர அடி, அஞ்சரை சென்ட். சுயசான்று முறையில் (உரிமையாளரே சான்று கொடுத்து வாங்குற அனுமதி) தரைத்தளம், முதல் தளத்துக்கு மட்டும் அனுமதி. வரைபடத்தில் கட்டடம் 30க்கு 45, ரெண்டு பக்கமும் 1.5 மீட்டர் இடைவெளி (அதுதான் செட்பேக்). இப்ப என் பக்கம் டேப் பிடிச்சா மூணடிதான் நிக்குது. முதல் தளத் தார்சு (கான்கிரீட் கூரை) முடிஞ்சு, ரெண்டாவது மாடிக்குத் தூண் எழும்பிட்டிருக்கு.

வாய்மொழியாச் சொன்னதுக்கு, "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க"ன்னு பதில். இன்னொருத்தர் எஃப்.எஸ்.ஐ. (எல்லாத் தளமும் சேர்த்து மனைப் பரப்பில் எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற வரம்பு) தாண்டிட்டாங்கன்னு எழுதிக் கொடுக்கச் சொல்றார். எது சரி? முதல்ல எங்க போகணும்?

---

ரசமட்டம்

எஃப்.எஸ்.ஐ.யைப் பிடிக்காதீங்க, தோத்துருவீங்க. கணக்கைப் பாருங்க. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சாதாரண உயரக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. உங்க பக்கத்து மனைக்கு 4,800 சதுர அடி வரை போகலாம். அனுமதித்த தளம் 30க்கு 45, அதாவது 1,350. உங்க பக்கம் 1.5 மீட்டருக்குப் பதிலா 0.91 விட்டிருக்காங்க, 59 செ.மீ. நகர்ந்திருக்கு. 45 அடி நீளத்துக்குக் கூடுதல் சுமார் 87 சதுர அடி. ஒரு தளம் 1,437. மூணு தளம் கட்டினாலும் 4,311தான் வருது. எஃப்.எஸ்.ஐ. மீறல்னு எழுதினா, ஆய்வுக்கு வர்றவர் பெருக்கிப் பார்த்துட்டு "மீறல் இல்லை"ன்னு ஒரே வரியில் மனுவை முடிச்சிருவார். அப்புறம் அந்தப் பதிலையே எதிர்த்தரப்பு கோர்ட்டில் காட்டும்.

பிடிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, பக்க இடைவெளி. இன்னொண்ணு சுயசான்றின் வரம்பு. 2024 ஜூலையில் வந்தப்ப அந்த முறை 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும், உயரம் 7 மீட்டருக்குள் கட்டும் வீட்டுக்கு மட்டும்னு இருந்துச்சு. ரெண்டாவது மாடி எழும்பின உடனே தளம், பரப்பு, உயரம் மூணுமே அந்த வரம்பைத் தாண்டுது. ஆக அந்த மாடிக்கு அனுமதியே இல்லை. "அனுமதிக்கு மாறாக" என்பதும் "அனுமதி இன்றி" என்பதும் வேற வேற. உங்க கேஸில் ரெண்டும் இருக்கு. மனுவில் தனித்தனியா எழுதுங்க.

அளக்கிறதில் பலரும் சறுக்குவாங்க. இடைவெளி என்பது மனையின் பொழியில் (எல்லைக்கோட்டில்) இருந்து சுவரின் வெளிமுகம் வரை. காம்பவுண்டு சுவரின் உள்முகத்தில் இருந்து அளக்கக் கூடாது, அந்தச் சுவர் யார் பக்கம் நிக்குதுன்னு முதல்ல பார்க்கணும். 9 அங்குலச் சுவர் ரெண்டு பேருக்கும் பொதுவா நடுப்பொழியில் நின்னா, உள்முகத்தோட நாலரை அங்குலம் கூட்டணும். டேப்பைச் சுவருக்குச் செங்குத்தா வச்சு முன்பக்கம், நடு, பின்பக்கம் மூணு இடத்தில் அளந்து குறிங்க. மனை சதுரமா இல்லாட்டி மூணும் வேற வேற வரும். 1.5 மீட்டர்னா 4 அடி 11 அங்குலம். பூச்சு வேலைக்கு அப்புறம் இன்னும் 12 முதல் 20 மி.மீ. குறையும், அதை வச்சு யாரும் சண்டை போடுறதில்லை. ரெண்டு அடி குறைஞ்சிருக்கிறது வேற கதை.

சன்ஷேடை அளவில் சேர்க்காதீங்க. தாங்கல் இல்லாமல் நீட்டிய சன்ஷேடுக்கு விதியில் இடம் உண்டு. அதன் மேல் சுவர் எழுப்பி அறையாக்கினா அது சன்ஷேடு இல்லை, தளம்.

---

தூக்குக்குண்டு

"சிவில் விவகாரம்" பதிலுக்கு வர்றேன். பொழி எங்கன்னு தகராறு இருந்தா அது நிஜமாவே சிவில்தான், மாநகராட்சி தீர்க்காது. அதுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவைக்கு, நம்மூர்ப் பேச்சில் எஃப்-லைனுக்கு, மனுப் போடணும். சர்வேயர் எஃப்.எம்.பி.யை (நில அளவை வரைபடத்தை) வச்சு அளந்து கல் காட்டுவார். நகரப் பகுதின்னா டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகலும் எடுத்து வைங்க. ஆனா பொழியில் ரெண்டு பேருக்கும் சம்மதம், உள்ள விட வேண்டிய இடத்தை விடலைன்னா அது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அதிகாரிகள் செய்ய வேண்டிய வேலை. அவங்க கையைக் காட்ட முடியாது. மனுவின் முதல் பத்தியிலேயே "எல்லை குறித்துத் தகராறு இல்லை" என்று எழுதிருங்க. அந்தக் கதவு அதோட அடைஞ்சிரும்.

பிரிவு 57 வேலையை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸ். பிரிவு 56 மீறலை அகற்றச் சொல்லும் நோட்டீஸ், பூட்டி சீல் வைக்கிற அதிகாரமும் அதுக்குள்ளதான். பெரும்பாலானவங்க "இடிக்கணும்"னு கேட்டு மனு எழுதுவாங்க. இடிக்கிறது கடைசிப் படி, மாசக்கணக்கா இழுக்கும். இப்ப உங்களுக்கு வேண்டியது 57. தூண் நிலையில் இருக்கிற மாடியை நிறுத்துறது சுலபம். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குற பலகை) அடிச்சு கான்கிரீட் போட்டுட்டா, "குடும்பம் குடியேறியாச்சு"ன்னு ஒரு வாதம் கூடவே முளைக்கும். தார்சு ஒரே நாளில் போட்டு முடிச்சிருவாங்க, அதுவும் பெரும்பாலும் வெள்ளி ராத்திரியோ சனிக்கிழமையோ. அதனால சென்ட்ரிங்குக்கு முன்னாடி மனு உள்ள போகணும்.

மனுவில் இருக்க வேண்டியது: மனை எண், சர்வே எண், வார்டு, அனுமதி எண் (தெரிந்தால்), இன்றைய கட்டுமான நிலை, மூணு இடத்து அளவு, தேதியுள்ள படம். டேப்பின் எண் தெரியுற மாதிரி ஒரு படம், கட்டடம் முழுக்கத் தெரியுற மாதிரி ஒண்ணு. கோரிக்கை நாலு வரி போதும். இடத்தை அளந்து அனுமதி வரைபடத்தோட ஒப்பிடணும், 57இன்படி வேலையை நிறுத்தணும், 56இன்படி நடவடிக்கை எடுக்கணும், ஆய்வறிக்கை நகல் எனக்குத் தரணும். பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு ஒரு வரிகூட வேண்டாம்.

ஆணையருக்கு, மண்டல உதவி ஆணையருக்கு, நகரமைப்புப் பிரிவுக்கு, உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு நகல். ஸ்பீட் போஸ்டில் ஒண்ணு, கையில் கொடுத்து நகலில் முத்திரை ஒண்ணு. ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனுவும், 1100 (முதல்வர் உதவி எண்) புகாரும் பக்கபலம்தான். அங்க கொடுக்கிறது சுத்தி வந்து அதே நகரமைப்பு ஆய்வாளர் மேசைக்குத்தான் போகும். ஆனா ஒரு எண் கிடைக்கும், அது பின்னாடி உதவும்.

---

நொய்யல்கரை

அனுமதி வரைபட நகல் என்கிட்ட இல்லைங்க. கட்டுற மேஸ்திரி காட்டினதைத்தான் படம் எடுத்து வச்சிருக்கேன். அது போதுமா?

---

பொழிக்கல்

மனு கொடுக்கப் போதும். வழக்குக்குப் போதாது. தகவல் உரிமைச் சட்டத்தில் மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அனுமதி ஆணை, அனுமதித்த வரைபடம், ஆய்வுக் குறிப்பு மூணையும் கேளுங்க. 30 நாளில் பதில் வரணும். வராட்டி அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. "மூன்றாம் நபர் ஆவணம்"னு மறுக்கிறது வழக்கம். அதுக்கு முன்னெச்சரிக்கையா, கோப்பை நேரில் பார்வையிட அனுமதின்னு ஒரு வரி சேர்த்துக் கேளுங்க. நேரில் பார்த்து அளவைக் குறிச்சுக்கிறதும் அந்தச் சட்டப்படி தகவல்தான், நகல் எடுக்கப் பணமும் மிச்சம்.

2024 டிசம்பர் 17இல் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரப் பிரதேச வழக்கில், கட்டுமான காலம் முழுக்க அனுமதி வரைபடத்தை சைட்டில் மாட்டி வைக்கணும், அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்துப் பதிவு வைக்கணும்னு சொல்லியிருக்கு. பக்கத்து சைட்டில் மாட்டலைன்னா அதையும் மனுவில் ஒரு வரியா வைங்க.

ரசமட்டம் சொன்னதில் ஒரு திருத்தம். ரெண்டாவது மாடிக்கு அனுமதி "இல்லை" சரி, ஆனா "கிடைக்கவே கிடைக்காது" இல்லை. சாதாரண முறையில் திருத்திய வரைபடம் போட்டு அவங்க கேட்கலாம். 56ஆம் பிரிவு நோட்டீஸ் வாங்கினவர் அதில் சொன்ன கெடுவுக்குள்ள, கட்டினதை அப்படியே வச்சுக்க அனுமதி கேட்டு விண்ணப்பிச்சா, அது முடியுற வரைக்கும் அந்த நோட்டீஸ் செயலுக்கு வராது. நடைமுறையில் பாதிக் கோப்பு இங்கதான் தூங்குது. அதனால நீங்க மாசத்துக்கு ஒரு தடவை "அந்த விண்ணப்பத்தின் நிலை என்ன?"ன்னு தகவல் உரிமையில் கேட்டுட்டே இருக்கணும்.

---

ரசமட்டம்

திருத்தம் சரிதானுங்க, ஏத்துக்கிறேன். ஆனா அந்தத் திருத்திய வரைபடம் எதில் அடிபடும்னு பாருங்க. உயரம் 7 மீட்டரைத் தாண்டினா பக்க இடைவெளிக்கு அந்த உயரத்துக்கான அட்டவணையைப் பார்க்கணும். 0.91 மீட்டரை வச்சுக்கிட்டு அதில் தேற முடியாது. அதனால அவங்களுக்கு இருக்கிற வழி, வெளியே நகர்ந்த பகுதியை வெட்டுறது.

வெட்ட முடியுமாங்கிறது தூண் எங்க நிக்குதுங்கிறதைப் பொறுத்தது. தூண் வரைபடத்தில் காட்டின இடத்திலேயே நின்னு, பீமை நீட்டி அதன் மேல் சுவர் வச்சிருந்தா, சுவரை எடுத்து நீட்டலை அறுத்துரலாம், கட்டடம் நிக்கும். கடைக்கால் போடும்போதே தூணையே ரெண்டடி வெளியே தள்ளியிருந்தா அந்த வரிசைத் தூண் முழுக்கப் போகணும், யாரும் தொட மாட்டாங்க. கீழ்த்தளத்தில் ஜன்னல் ஓரம் பாருங்க, தூண் சுவருக்கு உள்ள புடைச்சு நின்னா முதல் வகை. இதை மனுவில் எழுத வேண்டாம், ஆனா ஆய்வுக்கு வர்றப்ப அதிகாரிகிட்டக் காட்டுங்க.

இந்தத் தப்பு ஆரம்பத்தில் எப்படி வருதுன்னா, நூல் பிடிக்கும்போது மேஸ்திரி மனையின் நடுக்கோட்டை விட்டுட்டு ரோட்டோரக் கல்லில் இருந்து மட்டும் அளப்பார். சில பேர் வேணும்னே செய்வாங்க, படுக்கையறை 10 அடி வேணும்னு வீட்டுக்காரர் சொல்வார். கடைக்கால் தோண்டின அன்னிக்கு அளந்திருந்தா அரை மணி நேர வேலை.

---

தூக்குக்குண்டு

ஒரு எச்சரிக்கை. "உடனே இடிங்க"ன்னு அதிகாரிகளை நெருக்காதீங்க. 2024 நவம்பர் 13 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் இடிக்கிற நடைமுறை கறாரா எழுதப்பட்டிருக்கு. பதிவுத் தபாலிலும் கட்டடத்து வெளிச்சுவரில் ஒட்டியும் காரணம் கேட்கும் நோட்டீஸ், 15 நாள் கெடு, நேரில் விசாரணை, காரணம் சொல்லி இறுதி ஆணை, அதுக்கப்புறம் இன்னொரு 15 நாள், இடிக்கிறதை வீடியோ எடுக்கணும். ரோடு, நடைபாதை, நீர்நிலை மேல இருக்கிற ஆக்கிரமிப்புக்கு இது பொருந்தாது. ஒரு படி தவறினாலும் எதிர்த்தரப்பு தடை வாங்கிரும், உங்க வேலை ஒரு வருஷம் பின்னாடி போகும். நோட்டீஸில் வீட்டுக்காரர் பெயர் பத்திரத்தில் உள்ளபடி இருக்கா, கூட்டுச் சொத்துன்னா எல்லாருக்கும் போயிருக்கா, இதுதான் அதிகம் சொதப்புற இடம். வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் பெயர் விட்டுப்போச்சுன்னா கதை முடிஞ்சுது.

சீல் வச்சா அவங்க அரசிடம் மேல்முறையீடு போவாங்க, அது 80-ஏ பிரிவு. அங்க நீங்களும் உங்க தரப்பைச் சொல்லலாம். முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருங்க.

மனுவுக்கு நடவடிக்கை இல்லைன்னா உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிகளைக் கடமையைச் செய்யச் சொல்லிக் கேட்கிற மனு). கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலத்துக்குச் சென்னை. கரூர்க்காரங்க மட்டும் மதுரைக் கிளை. பெரும்பாலும் "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்க" என்று ஆணை வரும். அந்த ஆணைக்குப் பின் அசையாட்டி அவமதிப்பு மனு, அப்பத்தான் டேப் எடுத்துக்கிட்டு ஆள் வருவாங்க. கீழ்க் கோர்ட்டில் வெளிச்சம், காத்து போகுதுன்னு தடை கேட்கலாமான்னு சிலர் கேட்பாங்க. வசதியுரிமைச் சட்டத்தில் அதுக்கு 20 வருஷம் அனுபவம் காட்டணும். புது வீட்டுக்கு அது ஒத்துவராது.

---

பவானிக்காரன்

இதே மாதிரி ஒண்ணு, ஆனா ஊராட்சி எல்லை. பல்லடம் ரோட்டுப் பக்கம் வீடுன்னு அனுமதி வாங்கித் தறிக்கூடம் போடுறாங்க. மாநகராட்சி இல்லாத இடத்தில் யார்கிட்டக் கொடுக்கணும்?

---

பொழிக்கல்

ஊராட்சித் தலைவர் பதவியில் இருந்தா அவர்தான் அங்க நிர்வாக அதிகாரி. அவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (ஊராட்சிகள்) ஒண்ணா கொடுங்க, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு நகல். வீடுன்னு வாங்கித் தறி போட்டா அது பயன்பாட்டு மாற்றம், நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அதுக்கும் தனி அனுமதி வேணும். செட்பேக் அளவை விட இங்க ஜெனரேட்டர், தறி எண்ணிக்கை, மின் இணைப்பு வகை இதுதான் சாட்சி. "வரி கட்டியாச்சு, ரசீது இருக்கு"ன்னு காட்டுவாங்க. சொத்து வரி ரசீது அனுமதி ஆகாது, மீறின கட்டடத்துக்கும் வரி போடுவாங்க. ஆலாந்துறை, போளுவாம்பட்டி மாதிரி மலையடிவார ஊருன்னா மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும இசைவு வாங்கினாங்களான்னு முதல்ல பாருங்க. அது இல்லாட்டி மத்த அனுமதி எல்லாம் ஆட்டம் காணும்.

---

நொய்யல்கரை

நாளைக்குக் காலையில் மூணு இடத்திலும் அளந்து படம் எடுத்துட்டு, மதியம் மனுவோட போறேனுங்க. சென்ட்ரிங் பலகை இன்னிக்குச் சாயங்காலம் லாரியில் வந்து இறங்கிருச்சு.

---

தூக்குக்குண்டு

அப்ப மதியம் வேண்டாம், பத்து மணிக்கு வாசல்ல நில்லுங்க. பலகை இறங்கின படத்தையும் தேதியோட முதல் பக்கத்திலேயே சேர்த்துருங்க.