புதுப்பிப்பு: கிணற்று மண்ணில் மினுங்கியது என்ன?

போன மாதம் கேட்டிருந்தேன்: நெல்லிக்குப்பம் பக்கம் மாமா வீட்டுக் கிணற்றைத் தூர்வாரியபோது வெளிர் களிமண் வந்தது, தேய்த்தால் பட்டு மாதிரி மினுங்குகிறது, இந்தக் கனிமம் செரிசைட்டா, இல்லைட்டா (illite)? நண்பர் ஒருவர் எக்ஸ்-கதிர் சோதனை செய்து கொடுத்துவிட்டார். அதில் வரும் முகடுகள், கனிமத்தின் அடுக்குகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று காட்டும்.

7 ஆங்ஸ்ட்ராமில் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) பெரிய முகடு, 550 டிகிரிக்குச் சூடாக்கியதும் அது காணாமல் போச்சு, குளோரைட் என்ற கனிமம் இருந்தால் தெரியும் 14-இல் எதுவும் இல்லை, ஆக பெரும்பகுதி வெண்களிமண் கனிமமான கயோலினைட். 10-இல் சின்னதாக, அகலமாக இன்னொன்று. சில களிமண்களை வீங்க வைக்கும் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியில் வைத்தும் நகரவில்லை. வீங்கும் களிமண்ணான ஸ்மெக்டைட் என்றால் 17 வரை விரிந்திருக்கும். ஆக இந்தச் சின்ன முகடுதான் நான் கேட்ட செரிசைட், இல்லைட் பக்கம் வருவது.

அப்புறம், என் கேள்வியே கோணல். செரிசைட் தனிக் கனிமமே இல்லை, நுண்ணிய வெள்ளை மைக்காவுக்கு (அபிரகத்துக்கு)ப் பொதுவாகச் சொல்கிற பெயர். இல்லைட் என்பது 1937-இல் கிரிம், பிரே, பிராட்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தை வைத்துச் சூட்டிய பெயர், 1998-இல் வந்த மைக்கா பெயரிடல் விதிகளில் அதுவும் தனிக் கனிமமாக இல்லாமல் ஒரு தொடரின் (ஒத்த கனிமங்களின் வரிசையின்) பெயராகத்தான் இருக்கிறது. வழக்கமான வெள்ளை மைக்காவான மஸ்கோவைட்டைவிட இல்லைட்டில் பொட்டாசியம் குறைவு. நாங்கள் பொட்டாசியம் அளக்கவில்லை, அதனால் டப்பாவில் 'இல்லைட் வகை' என்று மட்டும் எழுதி வைத்தேன்.

மாமா அதைப் படித்துவிட்டு, "என்னடா இல்லை?" என்றார். மீதி மண்ணைத் தென்னைக்குக் கொட்டியாச்சு.