ராணுவத் தகவல் தொடர்பு: தனியார் செயற்கைக்கோள்களை நம்பலாமா?

அலைவரிசை செல்வா:
ஒரு ராணுவம், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய சேவையான ஸ்டார்லிங்க் மாதிரியான தனியார் வலையைத் தன் தகவல் தொடர்புக்கு முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. சுமார் 550 கி.மீ. உயரத்தில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. நாலைந்தை வீழ்த்தினாலும் வலை அறாது. பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பதோ 35,786 கி.மீ. உயரத்தில். கட்டளை போய் பதில் திரும்ப அரை நொடி ஆகும். ட்ரோன் மரத்தில் மோத அது போதும்.

கம்பிநாதன்:
போரில் ஸ்டார்லிங்கைப் பயன்படுத்தும் உக்ரைனை மனதில் வைத்துத்தானே சொல்கிறீர்கள்? அங்கேயே பார்ப்போம். 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படையெடுப்புக்குச் சற்று முன், வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் என்ற செயற்கைக்கோள் இணைய சேவை தாக்கப்பட்டது. செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. சரியாக அமைக்கப்படாத ஒரு விபிஎன் (வெளியிலிருந்து உள்வலைக்குள் நுழையும் பாதுகாப்பு வழி) வழியே நிர்வாக வலைக்குள் புகுந்து, தரையிலிருந்த மோடங்களின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. வானத்தில் எத்தனை பறந்தால் என்ன, அடி விழுவது தரையில்.

அலைவரிசை செல்வா:
அது வேறு நிறுவனம், வேறு வகைச் செயற்கைக்கோள். அதே ஆண்டு ஸ்டார்லிங்கை ரஷ்யா ஜாம் செய்ய, அதாவது இடையூறு அலை வீசி முடக்க, பார்த்தது. ஸ்பேஸ்எக்ஸ் மென்பொருளை மாற்றிச் சட்டென்று சமாளித்தது, பென்டகன் அதிகாரிகளே வியந்தார்கள். அரசு கட்டினால் என்ன ஆகும்? அமெரிக்கத் தரைப்படை விண்-டி (WIN-T) என்ற போர்க்களத் தகவல் தொடர்பு வலைக்குப் பல நூறு கோடி டாலர் கொட்டியது. ஜாமிங்குக்கும் சைபர் தாக்குதலுக்கும் தாங்காது என்று 2017-ல் அதை நிறுத்திக்கொண்டது.

கம்பிநாதன்:
விண்-டி விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் சாவி யார் கையில்? 2022-ல் கிரிமியா பக்கம் ஸ்டார்லிங்க் சேவையைத் திறக்கச் சொல்லி உக்ரைன் கேட்டது, ஸ்பேஸ்எக்ஸ் தலைவர் எலான் மஸ்க் மறுத்தார். அடுத்த ஆண்டு அவரே அதைச் சொன்னார். அப்புறம் 2025 ஜூலை 24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கச் சுமார் இரண்டரை மணி நேரம் ஸ்டார்லிங்க் படுத்துவிட்டது, போர்முனையும் சேர்ந்துதான். எதிரி ஒன்றும் செய்யவில்லை, நிறுவனத்தின் உள் மென்பொருள் கோளாறு.

மூன்றாம்கண்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இருவரும் வானத்தையே பார்க்கிறீர்கள். கட்டளை மையம் எந்த ஆன்டெனாவில் பேசினாலும் ரேடியோ அலை வீசும், அலை எங்கிருந்து வருகிறது என்று எதிரி கண்டுபிடித்தால் பீரங்கிக் குண்டு வரும். அதனால் ஆன்டெனாவைத் தள்ளி வைத்து, மையம் வரை ஃபைபர் கேபிள் இழுப்பார்கள். அங்கேயும் தலைவலி உண்டு. கேபிள் பாதையைக் கடக்கும் இடத்தில் புதைக்கவோ தூக்கிக் கட்டவோ மறந்தால், இரவில் விளக்கில்லாமல் வரும் டாங்கி ஏறி நசுக்கிவிடும். சொந்த டாங்கிதான்! இருட்டில் அறுந்த முனையைத் தேடுபவனிடம் ஸ்டார்லிங்கா அரசா என்று கேட்டுப் பாருங்கள்.

அலைவரிசை செல்வா:
அந்தக் கேபிள் பிரச்சினை எந்த வலைக்கும் பொதுதானே? என் கேள்விக்கு அது பதிலாகாது. சரி, கம்பிநாதன், உங்கள் மாற்று என்ன? ஐரோப்பிய ஒன்றியம் 290 செயற்கைக்கோள்களோடு ஐரிஸ் ஸ்கொயர் என்ற தன் சொந்த வலையைக் கட்ட 2024 டிசம்பரில்தான் ஒப்பந்தம் போட்டது. முழுச் சேவை 2030 வாக்கில்தான் என்கிறார்கள். அதுவரை முன்னரங்கில் இருப்பவர் எதில் பேசுவார்?

கம்பிநாதன்:
ஸ்டார்லிங்கில் பேசட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அது ஒன்றையே முதுகெலும்பாக்காதீர்கள் என்கிறேன். முதன்மை வழி, மாற்று வழி, அதுவும் போனால் ஒன்று, கடைசி அவசரத்துக்கு ஒன்று என்று நாலடுக்காகத் திட்டமிடுவது ராணுவத்தின் தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல் பிரிவுகளின் வழக்கம். கடைசி அடுக்கில் எச்.எப். (சிற்றலை) ரேடியோ இருக்கட்டும். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ், வளிமண்டலத்தின் மேலேயுள்ள அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும், யாருடைய செயற்கைக்கோளும் வேண்டாம்.

அலைவரிசை செல்வா:
வழக்கமான 3 கிலோஹெர்ட்ஸ் அகல எச்.எப். தடத்தில் நொடிக்கு 9,600 பிட் போனாலே அதிசயம். அதில் ட்ரோன் வீடியோ அனுப்புவீர்களா?

கம்பிநாதன்:
வீடியோ போகாது. "சுடுவதை நிறுத்து, அங்கே நம் ஆட்கள்" என்ற குறுஞ்செய்தி போகும். அந்த இரண்டரை மணி நேரத்தில் உங்களுக்கு எது முதலில் தேவைப்பட்டிருக்கும்?