சமையல் மேடைக்கு மாக்கல், கடப்பா, கோட்டா: கிரானைட்டை விட்டு விலகலாமா?

புதுக்குடித்தனம்:
செங்கல்பட்டு பக்கம் வீடு கட்டுகிறோம். பூச்சு வேலை முடிந்து, இப்போது சமையல் மேடையில் வந்து நிற்கிறது. ‘ப’ வடிவ மேடை, இரண்டடி அகலம். பளபளக்கிற கறுப்பு கிரானைட் வேண்டாம் என்கிறார் ஆர்க்கிடெக்ட். அடுப்பும் சிங்கும் வரும் பக்கங்களுக்கு மாக்கல் போடலாமாம். நம் ஊர் கல்சட்டி செய்கிற அதே இனம், வெளிநாட்டில் சோப்ஸ்டோன் என்று பலகையாக விற்கிறார்கள். மீதிப் பக்கத்துக்கும் அலமாரித் தட்டுகளுக்கும் கோட்டா அல்லது கடப்பா. இவை இரண்டும் சுண்ணாம்புக்கல். மங்கிய சாம்பல், நீலப்பச்சை, கறுப்பு என்று படத்தில் பார்க்க அள்ளுகிறது. மாமியார் மட்டும் “பேசாம கிரானைட்டைப் போடுங்க” என்று முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் புளி, எலுமிச்சை, மஞ்சள், நல்லெண்ணெய் எல்லாம் தினமும் புழங்கும். இந்தக் கற்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

பெங்களூர் ரமா:
மாமியார் பேச்சைக் கேளுங்கள். மாடுலர் கிச்சன் வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். புளிப்பு எது பட்டாலும் அது அரிக்கும். எலுமிச்சையை நறுக்கி ஐந்து நிமிடம் கவிழ்த்து வைத்தால், எடுத்த இடத்தில் வட்டமாக வெளுத்திருக்கும். துடைத்தாலும் போகாது. அது கறையே இல்லை, கல்லின் மேல்தோல் கரைந்துபோன இடம்.

“சீலர் அடித்தால் போச்சு” என்று கடைக்காரர் சொல்வார். சீலர் கல்லின் துளைகளை அடைக்கும், மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்காமல் ஓரளவு தடுக்கும். அமிலம் மேற்பரப்பைத் தின்பதை அது நிறுத்தாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லி விற்கிற ஒரு கடையை நான் பார்த்ததில்லை. படத்தில் அழகாக இருப்பது உண்மைதான். அந்தச் சமையலறையில் யாரும் வத்தக்குழம்பு வைப்பதில்லை.

கல்லுளிமங்கன்:
ரமா மேடம், சுண்ணாம்புக்கல் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இரண்டு கல்லையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். மாக்கல்லின் உடம்பு டால்க், அதாவது மெக்னீசியம் சிலிகேட். எலுமிச்சை, வினிகர், தக்காளி எதற்கும் அது அசையாது. அமெரிக்காவில் பழைய வேதியியல் ஆய்வகங்களின் மேசைப் பலகை இந்தக் கல்தான். வெர்ஜினியா மாநிலத்தில் இதற்கென்றே சுரங்கம் வைத்து வெட்டினார்கள். அமிலம் கொட்டுகிற மேசைக்கே ஆகும் கல் ரசத்துக்கு ஆகாதா?

சூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பின்லாந்தில் வீட்டைச் சூடாக்கும் பெரிய கணப்பு அடுப்புகளை இதிலேதான் கட்டுகிறார்கள். விறகு எரிந்து அணைந்த பிறகும் மணிக்கணக்காக வெப்பம் விடும். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து எடுத்து நேராக மேடையில் வைக்கலாம்.

ஆயுள் எவ்வளவு என்று கேட்டால், பேலூர் கோயில் 1117-இல் எழுந்தது. ஹொய்சாளர்கள் செதுக்கியது இந்தக் குடும்பத்துக் கல்லில்தான். ரியோவில் கிறிஸ்து சிலை 1931-இலிருந்து மாக்கல் ஓடு போர்த்திக்கொண்டு கடற்காற்றில் நிற்கிறது.

பெங்களூர் ரமா:
சிலை மேல் யாரும் குக்கரை இழுப்பதில்லை சார்.

அமிலத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். கடினத்தில் என்ன செய்வீர்கள்? கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் டால்க் 1, அதற்குக் கீழே எதுவுமே இல்லை. மேடைக்கு விற்கும் மாக்கல்லில் வேறு கனிமங்களும் கலந்திருப்பதால் கொஞ்சம் தேறும். அப்படியும் கத்தி முனை பட்டால் கோடு விழும். கிரானைட் ஆறுக்கு மேல். நம் வீட்டு மேடையில் என்னென்ன நடக்கிறது என்று யோசியுங்கள். மிக்ஸியை முன்னும் பின்னும் இழுப்போம். கிரைண்டர் கல்லைத் தூக்கி ‘டொம்’ என்று வைப்போம். அவசரத்துக்குத் தேங்காயை ஓரத்தில் தட்டி உடைக்கிற வீடும் இருக்கிறது. அந்த ஓரம் மாக்கல்லாக இருந்தால் தேங்காயோடு அதுவும் உடையும்.

பாஸ்டன் பாலு:
போட்டுப் பார்த்தவர் யார் என்று கேட்டதால் வருகிறேன். நாங்கள் வாங்கியது இங்கே ஒரு பழைய வீடு. சிங்க் முதலிலிருந்தே மாக்கல்தான், பலகைகளை ஒட்டிச் செய்த தொட்டி. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அது சகஜம். பக்கத்து மேடையும் அதே கல்லாக இருக்கட்டும் என்று நாங்கள் பிறகு போட்டோம்.

ரமா சொல்கிற கோடு விழுவது நூற்றுக்கு நூறு உண்மை. பிரஷர் குக்கரின் அடி விளிம்பு அரைவட்டமாகக் கிழித்த தடம் ஒன்று எங்கள் மேடையில் உண்டு. சிலேட்டில் பலப்பம் இழுத்தது போல வெள்ளையாகத் தெரியும். விரலில் ஒரு சொட்டு மினரல் ஆயில் தொட்டுத் தடவினால், பாதிக் கோடுகள் அந்த இடத்திலேயே மறைந்துவிடும். ஆழமாகப் போனதை மெல்லிய உப்புக்காகிதத்தால் தேய்த்து, தூசியைத் துடைத்து, எண்ணெய் தடவினால் சரி. ஆள் கூப்பிட வேண்டாம், நானே செய்கிறேன். கிரானைட்டில் மூலை உடைந்தால் இது நடக்குமா?

மஞ்சள் கறை பிடிக்கவில்லை. ராத்திரி சிந்தியதைக் காலையில் துடைத்தாலும் போய்விடுகிறது. கல்லில் ஈரம் இறங்குவதே இல்லை.

ஒரு தொல்லை உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. எண்ணெய் தடவாத மாக்கல் வெளிர்சாம்பல், தடவினால் கரும்பலகை நிறம். நாம் பொரிக்கிற இடத்தில் எண்ணெய் தானாகத் தெறித்து அங்கே மட்டும் கறுக்கும், மற்ற இடம் சாம்பலாகவே நிற்கும். அதனால் ஆரம்பத்தில் அடிக்கடி, போகப்போக எப்போதாவது, மேடை முழுவதும் ஒரே சீராகத் தடவ வேண்டும். சமையல் எண்ணெய் கூடாது, சிக்குப் பிடித்து வாடை அடிக்கும். இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் ரமா கட்சியில் சேர்ந்துவிடலாம்.

சேலத்துக்காரன்:
எல்லோரும் பாஸ்டனுக்கும் பின்லாந்துக்கும் போய்விட்டீர்கள். கல் இங்கே கிடைக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் சேலம் பக்கத்து மாக்கல், சட்டி கடையும் கல். சட்டி அளவுக்குத் துண்டு கிடைக்கும், கடைவதற்கு இளக்கமாகவும் இருக்கும். எட்டடிப் பலகை வெட்டுவது வேறு சமாச்சாரம். ராஜஸ்தானில் மாக்கல் மலைமலையாக இருந்தாலும் பெரும்பகுதி பொடியாகி பவுடர், காகிதம், பெயின்ட் என்று போகிறது. பலகையாக வேண்டுமென்றால் பெரும்பாலும் பிரேசில் கல்லைத்தான் காட்டுவார்கள், விலை உள்ளூர் கிரானைட்டைவிட நன்றாகவே ஏறும். பலகையும் சிறிதாக வரும், நீள மேடையில் இணைப்பு விழுந்தே தீரும்.

பெயரை நம்பி வாங்காதீர்கள். மங்கலாக, கரும்பச்சையாக இருக்கிற கல்லையெல்லாம் சோப்ஸ்டோன் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். துண்டு கேட்டு வாங்குங்கள். கையால் தடவினால் வழவழப்பு தெரிய வேண்டும், முகப்பவுடர் தொட்ட விரல்போல. சாவியால் ஓரத்தில் கீறினால் வெள்ளைக் கோடு விழ வேண்டும். எலுமிச்சை பிழிந்தால் ஒன்றும் ஆகக் கூடாது. கீறவே முடியவில்லையென்றால் அது வேறு கல்.

புதுக் கல்சட்டியை வீட்டில் எப்படிப் பழக்குகிறோம்? எண்ணெயும் மஞ்சளும் தடவி வைத்து, வடித்த கஞ்சியை ஊற்றி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடுப்பில் ஏற்றுகிறோம். அந்தப் பொறுமை இருக்கிற வீட்டில் இந்த மேடையும் நிலைக்கும்.

கடப்பா கட்சி:
சுண்ணாம்புக்கல்லுக்கு வக்காலத்து வாங்க ஒருவர்கூட இல்லையா? தமிழ்நாட்டில் கிரானைட் பரவுவதற்கு முன் கட்டிய வீடுகளைப் பாருங்கள். மேடை, பரண், அலமாரித் தட்டு எல்லாம் கடப்பாதான். ஆந்திராவில் கடப்பா மாவட்டத்துக் கறுப்புச் சுண்ணாம்புக்கல். பூமியிலேயே அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால் பலகையாகப் பிரித்து எடுப்பது சுலபம், அதனால்தான் விலை குறைவு. ராஜஸ்தானின் கோட்டாவும் அதே மாதிரி அடுக்குக் கல்தான், மணல்சத்து (சிலிக்கா) கொஞ்சம் கூடுதல், கால் தேயத்தேய வழவழப்பாகும். எத்தனை பள்ளிக்கூடத் தரையும் ரயில் நிலையமும் அதில் ஓடுகின்றன!

வெளுத்த வட்டம் விழும் என்கிறார் ரமா. பளபளப்பு ஏற்றிய கல்லில்தான் அது துருத்திக்கொண்டு தெரியும். பாலிஷ் போடாமல் மங்கலாகத் தேய்த்து வாங்குங்கள். வட்டத்தின் மேல் வட்டம் விழுந்து கொஞ்ச காலத்தில் மேடை முழுக்க ஒரே நிறத்துக்கு வந்துவிடும். ஊர்ப்பக்கம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தே கறுப்பாக வைத்திருப்பார்கள்.

பெங்களூர் ரமா:
பாட்டி வீட்டுக் கடப்பா மேடையை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், அதைத் தினமும் தேய்த்தவர்கள் யாரும் கொண்டாடி நான் பார்க்கவில்லை. அந்த வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில் கிடந்தன, கனமான வேலை மேடைக்கு வரவே இல்லை. அப்புறம் நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த அடுக்குதான் அதன் பலவீனமும். சிங்க் ஓரத்தில் தண்ணீர் நின்று நின்று தோல் உரிவது போலச் செதில் கிளம்பும். சூடான பாத்திரம் அடிக்கடி பட்டாலும் அதே கதை. அலமாரித் தட்டுக்கும் பரணுக்கும் கடப்பாவை நானே போடச் சொல்கிறேன். கனமான டப்பாக்களைப் பலவருடம் சுமக்கும், கரையான் தொடாது, பிளைவுட் போல ஊறாது. ஈரமும் புளியும் சூடும் சேருகிற இடத்தில் மட்டும் வேண்டாம்.

கல்லுளிமங்கன்:
மேடம், கிரானைட்டோடு நின்றீர்களே, சந்தோஷம். உங்கள் துறையில் பாதிப் பேர் இப்போது குவார்ட்ஸ் பலகையைத்தானே தள்ளுகிறார்கள்? கல்தூளைப் பிசினில் கெட்டிப்படுத்தியது அது. கொதிக்கிற வாணலியை நேராக வைத்தால் பிசின் நிறம் மாறும். அதை அறுக்கிற தொழிலாளர் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து நோயாளியானதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அதற்குத் தடையே போட்டது.

பெங்களூர் ரமா:
குவார்ட்ஸை நான் எங்கே சொன்னேன்? ஆனால் தூசி என்று எடுத்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. சில டால்க் படிவுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இனக் கனிமமும் கலந்திருக்கும். மேடையாகக் கிடக்கிற கல்லால் வீட்டுக்காரருக்குப் பயமில்லை, அறுக்கிறவருக்குத்தான். எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்குள் வைத்து அறுக்க விடாதீர்கள். பாலு வீட்டில் உப்புக்காகிதம் போடும்போதும் ஈரம் வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

அடுக்களை அளவு:
சண்டை நடக்கட்டும், அவர் கேட்ட மேடைக்கு வருகிறேன். வரைபடத்தைக் கல்லின் பெயரால் பிரிக்காமல் வேலையால் பிரியுங்கள்.

சிங்க் பக்கம் மாக்கல்லுக்கு ஏற்ற இடம். ஈரம், புளி, பாத்திரம் கழுவும் சோப்பு எதுவும் அதைத் தொடாது. இளக்கமான கல் என்று திட்டுகிறீர்களே, அதே இளக்கத்தால் ஒரு வசதி உண்டு. சிங்கை நோக்கிச் சரிவாகப் பள்ளக் கோடுகளை மேடையிலேயே செதுக்கிவிடலாம். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் தானே ஓடிவிடும், தனியாகக் கூடை வேண்டாம். கிரானைட்டிலும் செதுக்கலாம், கூலி அதிகம்.

அடுப்புப் பக்கம் மாக்கல், கிரானைட் இரண்டும் ஆகும். மிக்ஸியும் கிரைண்டரும் நிற்கிற இடத்துக்கு மட்டும் கிரானைட். பளபளப்பு வேண்டாமென்றால் லெதர் ஃபினிஷ் என்று கேளுங்கள், மங்கலாக, கைக்குச் சொரசொரப்பாக வரும். மாக்கல் பக்கத்தில் வைத்தால் நிறம் ஒட்டிப்போகும்.

கோட்டாவை அடுப்புக்குப் பின்சுவரில் ஒட்டச் சொல்லி ஆர்க்கிடெக்ட் படம் காட்டினால் மறுத்துவிடுங்கள். தாளிக்கிற எண்ணெய் முழுக்க அங்கேதான் போகும். காபி போடுகிற, டப்பா வைக்கிற உலர்ந்த பக்கத்தில் அந்த நீலப்பச்சை நன்றாக இருக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல் போடுவதாக இருந்தால் மேடை சாம்பலாகவே இருக்கட்டும். இரண்டும் கத்தினால் கண் வலிக்கும்.

புதுக்குடித்தனம்:
சேலத்துக்காரர் சொன்னபடி கடைக்குப் போய் மூன்று கல்லிலும் துண்டு வாங்கி வந்தோம். கோட்டாவில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்து எடுத்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை, டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வட்டம் பளிச்சென்று தெரிகிறது. கடப்பாவில் இன்னும் மோசம், கறுப்பு நிறம் காட்டிக்கொடுக்கிறது. மாக்கல்லில் புளிக்கரைசலை ராத்திரி முழுக்க விட்டும் தடமில்லை. மாமியார் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஒரு இழு இழுத்தார், குறுக்காக வெள்ளைக் கோடு. “இதுக்குத்தானா இவ்வளவு காசு?” என்றார். எண்ணெய் தடவி மறைத்துக் காட்டினேன். “மறைஞ்சா ஆச்சா, பள்ளம் அப்படியேதான இருக்கு” என்று விரலை வைத்துத் தேடிக் காட்டினார்.

சிங்க் பக்கம் மாக்கல், அடுப்புப் பக்கம் முழுவதும் லெதர் ஃபினிஷ் கிரானைட், தட்டுகளுக்குக் கடப்பா என்று பேசி முடித்திருக்கிறோம். கோட்டா இப்போதைக்கு வாசல் திண்ணைக்குப் போகிறது.

பாஸ்டன் பாலு:
அம்மாவிடம் சொல்லுங்கள், எங்கள் வீட்டிலும் அந்தப் பள்ளம் இருக்கிறது. எனக்கு அது பழகிவிட்டது, என் மனைவிக்கு இன்னும் பழகவில்லை.

பெங்களூர் ரமா:
உங்கள் மனைவி பக்கம் நான். சரி, போடுவதென்று ஆகிவிட்டதால் மூன்று விஷயம் மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். மாக்கல் பலகை 30 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையக் கூடாது. இணைப்பு சிங்க் வெட்டுக்கு நடுவில் வரக் கூடாது, தள்ளி வரட்டும். சிங்குக்கு முன்னால் மிஞ்சுகிற ஒல்லியான கீற்றுக்கு அடியில் தாங்கல் கொடுத்தாக வேண்டும், ஏற்றி இறக்கும்போது உடைவது அந்த இடம்தான். முன்விளிம்பைக் கூராக விடாமல் அரைவட்டமாக உருட்டச் சொல்லுங்கள்.

கல்லுளிமங்கன்:
மூன்று என்று சொல்லி நான்கு சொல்லிவிட்டீர்கள். நான்கும் சரி.