உதவி: கல்பிட்டில பழகினவன் குளிர் லேக்கில கைட் ஓடலாமா? கெதியா சொல்லுங்கோ

உவர்மலை_பொடியன் | செவ்வாய் இரவு 9.12
எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் கல்பிட்டில கைட் (பெரிய பட்டம் காத்தில இழுக்க, போர்ட்ல நிண்டு தண்ணியில ஓடுறது) கோர்ஸ் செய்தனான், போர்ட்ல எழும்பி ஓடுவன். இப்ப அக்கா வீட்ட போறன், அங்க இருந்து பத்து நிமிசத்தில பெரிய லேக் ஒண்டு இருக்காம், அத்தான் வீடியோ அனுப்பினவர், காத்து பிச்சுக்கொண்டு அடிக்குது, ரெண்டு மூண்டு பேர் ஓடிக்கொண்டும் இருக்கினம். என்ட 12 (சதுர) மீட்டர் கைட்டைக் கொண்டு போகட்டா இல்ல லக்கேஜ் வீணா? வெட்சூட் (தண்ணிக்குளிருக்குப் போடுற ரப்பர் உடுப்பு) இருக்கு. வியாழன் இரவு கொழும்புக்கு வெளிக்கிடுறன், கெதியா சொல்லுங்கோ ப்ளீஸ்

நிலாவெளி9 | 9.20
எந்த நாடு? எந்த லேக்? எந்த மாசம்?

சல்லி_கரை | 9.31
லேக் தானே தம்பி, கடலை விட சேஃப். உப்பில்லை, சுறா இல்லை, வத்துப்பெருக்கு இல்லை, அலையும் பெருசா வராது. கைட்டைக் கொண்டு போங்கோ, அங்க வாடகைக்கு எடுக்கப்போனா காசு வெடிக்கும்.

மூதூர்க்காரி | 9.44
வெட்சூட் எத்தனை மில்லி தடிப்பு? முழுக்கையா அரைக்கையா? நீச்சல் எப்பிடி?

பாய்மரம் | 9.58
இதே மாதிரி கேள்விக்கு நான் இங்க எத்தனை தரம் பதில் எழுதினனான் எண்டு எனக்கே தெரியாது, ஒருத்தரும் பழசைத் தேடி வாசிக்கிறேல்ல. தம்பி, நீர் லேக்கின்ட பேர் சொல்லேல்ல, தண்ணி எத்தனை டிகிரி எண்டு சொல்லேல்ல, காத்து கரைக்கு அடிக்குதோ கரையில இருந்து உள்ளுக்கு அடிக்குதோ எண்டு சொல்லேல்ல, காத்துக்கு எதிரா ஏறி வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வருவீரோ எண்டும் சொல்லேல்ல. "எழும்பி ஓடுவன்" எண்டது ஒரு லெவலே இல்லை. கல்பிட்டி களப்பில இடுப்பளவு தண்ணி, விழுந்தா நடந்து வரலாம், அங்க எழும்பாதவன் ஆர்? முதல் விவரத்தைப் போடும், பிறகு கதைப்பம்.

உவர்மலை_பொடியன் | 10.25
சொறி அண்ணை, அவசரத்தில விட்டுட்டன். கனடா, ஏஜாக்ஸ், லேக் ஒன்ராறியோ. மே முதல் கிழமை போய் ஜூன் 10 திரும்பி வாறன். வெட்சூட் ஷோர்ட்டி (அரைக்கை, அரைக்கால்), 2 மில்லி. காத்துக்கு எதிரா கொஞ்சம் கொஞ்சம் ஏறுவன், ஒவ்வொரு நாளும் இல்லை. செல்ஃப் ரெஸ்கியூ (கைட் விழுந்தா தானே கரைக்கு வாறது) கோர்ஸ்ல ஒருக்கா காட்டினவை, நான் தனிய செய்து பாக்கேல்ல. நீச்சல் நல்லம், சின்னனில இருந்து கடல் தான். அத்தான் சொல்றார் மே மாசம் வெளியில 20 டிகிரி வரும், வெயில் எறிக்கும் எண்டு

ஸ்காபரோ_திருமலை | 10.41
தம்பி அந்த 20 டிகிரி காத்தின்ட சூடு, தண்ணியின்டது இல்லை. மே முதல் கிழமை லேக் ஒன்ராறியோ 5 டிகிரிக்குக் கிட்ட நிக்கும். நான் உப்புவெளிப் பொடியன், இங்க வந்து 14 வருசம், கைட் ஓடத் தொடங்கி 8 வருசம், என்ட கதையை வேலை முடிய வந்து முழுசா எழுதுறன், அதுவரைக்கும் ஒண்டும் கட்டாதீங்கோ.

சல்லி_கரை | 10.50
5 டிகிரியா? பிரிட்ஜ் தண்ணி மாதிரியெல்லோ. வெளியில 20 எண்டா தண்ணி எப்பிடி 5ல நிக்கும், ரெண்டு நாள் வெயில் போதாதா?

நிலாவெளி9 | 11.02
அது நம்மட கந்தளாய்க் குளம் இல்லை அண்ணை. கிட்டத்தட்ட 19,000 சதுர கிலோமீட்டர், திருகோணமலை மாவட்டம் மாதிரி ஏழை வைக்கலாம். ஆழம் ஆகக்கூடின இடத்தில 244 மீட்டர். அவ்வளவு தண்ணியும் சூடாக ரெண்டு நாள் இல்லை ரெண்டு மாசம் வேணும். குளிர்காலத்தில அது முழுசா உறையுறதே அருமை, அந்த ஆழத்தால தான், அதே ஆழத்தால தான் வெயில் வந்தாலும் லேசில சூடேறாது. அலை வராது எண்டதும் பிழை. லேக் சுப்பீரியர் முழு இலங்கையை விடப் பெருசு, அங்க 1975 நவம்பர் 10ல எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எண்ட 222 மீட்டர் கப்பல் புயல்ல தாண்டு 29 பேரும் போட்டினம், ஒருத்தரும் தப்பேல்ல.

மூதூர்க்காரி | 11.15
நான் நேர்ஸ், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்றன். நீச்சல் தெரியும் எண்டது இந்தக் குளிருக்குள்ள முதல் நிமிசத்தில உதவாது. திடீரெண்டு குளிர்ந்த தண்ணிக்குள்ள விழேக்க உடம்பு தன்பாட்டில ஒரு பெரிய மூச்சை இழுக்கும், நீங்க நினைச்சாலும் நிப்பாட்ட ஏலாது, அந்த நேரம் வாய் தண்ணிக்குள்ள இருந்தா தண்ணி தான் உள்ள போகும். பிறகும் ஒரு நிமிசத்துக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு. மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 எண்டு சொல்லிக் குடுக்கிறவர், மூச்சு அடங்க 1 நிமிசம், கை கால் சொல்லுக் கேக்கிறது 10 நிமிசம், குளிரால நினைவு தப்ப 1 மணித்தியாலம். கன பேர் கடைசி ஒரு மணித்தியாலத்தைத் தான் கணக்குப் பாக்கிறது, ஆனா ஆக்கள் சாகிறது கூடுதலா அதுக்கு முதலே. இருதயப் பிரச்சினை ஏதும் இருந்தா இந்த யோசனையை விட்டுடுங்கோ.

கிண்ணியா_கரைவலை | புதன் காலை 6.05
தம்பி எனக்கு ஒரு விசயம் விளங்கல்ல. நிலாவெளில கடல் கிடக்க, ஏன் கல்பிட்டிக்கும் கனடாவுக்கும் போறீங்க? மே மாசம் கச்சான் தொடங்கினா எங்கட பக்கம் நல்ல காத்து தானே.

பாய்மரம் | 6.40
நிலாவெளில கச்சானுக்கு கைட் ஏத்தினா நேரா புறாமலையைத் தாண்டி பர்மாப் பக்கம் போய்ச் சேருவீர். கச்சான் தரைக்காத்து. கரையில இருந்து கடலுக்கு அடிக்கும், கரையில நிக்கேக்க தண்ணி எண்ணெய் மாதிரிப் படிஞ்சு கிடக்கும், பாக்க ஆசையா இருக்கும், அது தான் பொறி. இது அடிப்படை.

கிண்ணியா_கரைவலை | 7.10
நானா நான் கடல்ல பிறந்து வளந்தவன், எங்கட வாப்பா கச்சான் காலத்தில தான் கூடத் தொழிலுக்குப் போனவர். பின்னேரத்தில கடல்காத்து திரும்புற நாளும் இருக்கு. எல்லா நாளும் தரைக்காத்து எண்டு சொல்ல ஏலாது.

பாய்மரம் | 7.22
வாப்பாவின்ட வள்ளத்தில எஞ்சின் இருந்தது. கைட்ல எஞ்சின் இல்லை.

சல்லி_கரை | 7.35
கச்சான் வேற சோழகம் வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கோ. சோழகம் தென்மேற்கால வாறது. கச்சான் மேற்கால, சுடச்சுட, உதடு வெடிக்கும்.

கிண்ணியா_கரைவலை | 7.51
பேர் எதெண்டாலும் எங்களுக்கு தரையில இருந்து தான் வரும், அத ஒத்துக்கிறன். ஆனா பின்னேரக் காத்து திரும்புறத நான் கண்ணால கண்டவன். வாடைக்கு, டிசம்பர் ஜனவரி, கரைக்கு அடிக்கும், அப்ப கடல் கொந்தளிப்பு, கரையில அலை உடைக்கிற இடத்தில கைட்டை ஏத்தவே விடாது. அதுக்குத் தான் எல்லாரும் கல்பிட்டிக்கு ஓடுறாங்க, மறுகா விளங்கிட்டு.

நிலாவெளி9 | 8.15
இந்தக் கதை தம்பிக்கும் தேவை தான். அக்கா வீடு ஏஜாக்ஸ் எண்டா லேக்கின்ட வடக்குக் கரை. வடக்கால காத்து அடிச்சா அங்கயும் இதே தரைக்காத்து தான், எதிர்க்கரை அமெரிக்கா. அதோட அப்பிடியான காத்து மேல கிடக்கிற சூட்டுத் தண்ணியை உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு போக, அடியில கிடக்கிற குளிர் தண்ணி கரையில மேல வரும். ஜூலை ஓகஸ்டில கூட 20 டிகிரியில குளிச்ச இடம் ஒண்டு ரெண்டு நாளில 10க்குக் கீழ இறங்கிறது உண்டு. நேத்து ஆரும் நல்லாக் குளிச்சவை எண்டு நம்பி இண்டைக்கு இறங்க ஏலாது, ஒவ்வொரு நாளும் தண்ணியை அளந்து பாக்கோணும்.

ஸ்காபரோ_திருமலை | 8.40
வேலை முடிஞ்சு இப்ப தான் வந்தனான். என்ட கதை இது. இங்க ஓடத் தொடங்கின முதல் வருசம், மே லோங் வீக்கெண்ட், வெயில் 22, பீச் முழுக்க ஆக்கள் பார்பிக்கியூ போட்டுக்கொண்டு நிக்கினம், எனக்கு 3 மில்லி வெட்சூட், கையுறை இல்லை, தலைக்கு ஒண்டும் இல்லை. காத்து நேரா கரைக்கு அடிச்சது, அது தான் நான் இண்டைக்கு இதை எழுதுறன். கரையில இருந்து ஒரு 200 மீட்டர், கைட் விழுந்து முகங்குப்புற தண்ணியில ஒட்டிட்டு. கோர்ஸ்ல படிச்ச மாதிரி பின் லைன் (கைட்டின்ட பின்கயிறு) ஒண்டை இழுத்துக் கிளப்பப் பாத்தன், நாலு தரம், அஞ்சு தரம். அந்த நேரத்துக்குள்ள விரல் போட்டுது. போட்டுது எண்டா நோகேல்ல, விரல் அங்க கிடக்குது, மடங்குது இல்லை. சரி எண்டு குயிக் ரிலீஸை (கைட்டின்ட இழுவையைக் கழட்டி விடுற பூட்டு) தள்ளப் பாத்தா பிடிக்க ஏலேல்ல, ரெண்டு உள்ளங்கை அடியையும் வைச்சு நெஞ்சால அமத்தித் தான் அது கழண்டது. பிறகு லைனை பார்ல (கையில பிடிக்கிற தடி) சுத்தோணும், கைட் வரைக்கும் போகோணும், அதைப் பாய் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு கரைக்கு வரோணும், இது தான் செல்ஃப் ரெஸ்கியூ. நான் நாலு சுத்து சுத்தினன். மிச்சத்தை விட்டுட்டு போர்டும் இல்லாமக் கிடந்தன், காத்தும் அலையும் கரைக்குத் தள்ளினபடியா வந்து சேந்தன். கரையில கார்த் திறப்பை கழுத்துக் கயித்தில இருந்து எடுக்க ஏலேல்ல, ஏழு வயசு மகள் தான் கதவைத் திறந்தவ.

அந்த நேர்ஸ் தங்கச்சி சொன்ன 10 நிமிசத்தை யோசிச்சுப் பாருங்கோ. பழகிறவனுக்கு செல்ஃப் ரெஸ்கியூ செய்ய 15, 20 நிமிசம் போகும். கை வேலை செய்யிறது 10 நிமிசம். பழகிற காலத்தில நீங்க போர்டுக்கு மேல நிக்கிறதை விட தண்ணிக்குள்ள கிடக்கிறது தான் கூட. வீடியோவில ஓடுற ஆக்கள் நனையிறதே குறைவு, தண்ணி உள்ள போகாத ட்ரைசூட் போட்டிருப்பினம், அவையைப் பாத்து அளக்காதீங்கோ.

சல்லி_கரை | 9.05
அப்ப ட்ரைசூட் ஒண்டு வாங்கினாச் சரி தானே?

மூதூர்க்காரி | 9.12
கை முழுசா மூடுமா அது?

ஸ்காபரோ_திருமலை | 9.30
இல்லை, கைக்குத் தனிய கையுறை, தலைக்கு ஹூட், காலுக்கு பூட்ஸ். ட்ரைசூட் தண்ணியை மட்டும் தான் மறிக்கும், சூட்டுக்கு உள்ள கம்பளி போடோணும், கழுத்துப் பட்டி கிழிஞ்சா உள்ள தண்ணி போகும். தடிச்ச கையுறையோட பாரைப் பிடிக்கிறதும் ரிலீஸ் தள்ளுறதும் வேற பழக்கம், அதைக் கரையில நிண்டு பழகோணும். சூட் வாங்கினா குளிரைக் கொஞ்ச நேரம் தள்ளிப் போடலாம், காத்துக்கு எதிரா ஏறத் தெரியாத குறையை அது தீர்க்காது. இன்னொண்டு, இம்பாக்ட் வெஸ்ட்டை லைஃப் ஜாக்கெட் எண்டு நினைச்சுக்கொண்டு ஆக்கள் இறங்குகினம், அது அடிபடாமப் போடுறது, மிதக்கிறது குறைவு. நல்ல தண்ணியில கடலை விட உடம்பும் குறைவாத் தான் மிதக்கும்.

பாய்மரம் | 9.48
ஒருத்தரும் 12 மீட்டரைப் பற்றிக் கதைக்கேல்ல. 5 டிகிரி காத்து 30 டிகிரிக் காத்தை விட கிட்டத்தட்ட 9 வீதம் அடர்த்தி, லேக்குக்கு மேலால வாற காத்து அந்தத் தண்ணி மாதிரிக் குளிர்ந்து தான் வரும். காத்து அதே வேகத்தில அடிச்சாலும் கைட் கூட இழுக்கும். கல்பிட்டிக் கணக்கில 12ஐ ஏத்தினா தூக்கி எறியும். தம்பி நல்லாப் பழகினாப்பிறகு போகட்டும், இப்ப வேண்டாம். எனக்கு அவரில கோபம் இல்லை, நான் பழக்கின பொடியன் ஒருத்தனை கல்பிட்டியில கடல் பக்கம் தேடி மூண்டு மணித்தியாலம் வள்ளத்தில திரிஞ்சனாங்கள், சூட்டுத் தண்ணி எண்டபடியா அவன் உயிரோட கிடந்தவன். அதே மூண்டு மணித்தியாலத்தை 5 டிகிரியில வைச்சுப் பாருங்கோ.

கிண்ணியா_கரைவலை | 10.10
தம்பி ஒரு வேலை செய்ங்க. மீன் ஏலம் போடுற இடத்தில ஐஸ் பெட்டி கிடக்கும், உடைச்ச ஐஸும் தண்ணியுமா. அஞ்சு நிமிசம் ரெண்டு கையையும் முழங்கை மட்டும் விட்டு வைங்க. மறுகா எடுத்து சேட் பட்டனப் பூட்டுங்க. பூட்டினா கைட்டைக் கொண்டு போங்க. அது லேக்கை விடக் கொஞ்சம் குளிர் தான், ஆனா கணக்கு விளங்கும். நாங்க ஐஸ் அள்ளுற ஆக்கள், எங்களுக்கே விரல் விறைச்சிரும்.

மூதூர்க்காரி | 10.16
அஞ்சு நிமிசத்துக்கு மேல வைக்க வேண்டாம், பக்கத்தில ஒரு ஆள் நிக்கட்டும். முடிய சுடுதண்ணியில கையை வைக்காதீங்கோ, துடைச்சு கக்கத்துக்குள்ள வைங்கோ.

நிலாவெளி9 | 10.40
கட்டாயம் அங்க ஓடோணும் எண்டா ஜூலை கடைசி ஓகஸ்டில போறமாதிரி அடுத்த வருசம் பாருங்கோ. ஆழமில்லாத இடமும் இருக்கு, லேக் செயின்ட் கிளேர் சராசரி 3 மீட்டர் அளவு தான், லேக் ஈரியில லோங் பொயின்ட் உள்குடாவும் ஆழமில்லை, அதெல்லாம் கெதியா சூடேறும். அங்க பழக்கிற ஆளோட முதல் ரெண்டு நாள் இறங்குங்கோ, கரைக்கு இல்லாட்டி கரையோரமா சரிவா அடிக்கிற காத்து மட்டும், தனிய வேண்டவே வேண்டாம்.

சல்லி_கரை | 11.30
நான் முதல் எழுதினது பிழை, தம்பி அதைக் கணக்கெடுக்காதீங்கோ. ஆனா கச்சானும் சோழகமும் வேற வேற தான்.

உவர்மலை_பொடியன் | வியாழன் பின்னேரம் 4.20
எல்லாருக்கும் நன்றி. காலமை மீன் ஏலத்தில கேட்டு ஐஸ் பெட்டிக்க கை விட்டன், தம்பி மணிக்கூடு பாத்தவன். மூண்டாவது நிமிசம் தாங்க ஏலாம எடுத்திட்டன். பட்டன் ஓட்டை தெரியுது, பட்டனும் விரலுக்க இருக்கு, பூட்ட ஏலேல்ல, தம்பி தான் பூட்டி விட்டவன். கைட் வீட்ட நிக்குது. ஜூன்ல வந்து கல்பிட்டில செல்ஃப் ரெஸ்கியூ தனியப் பழகப்போறன், பாய்மரம் அண்ணை நேரம் இருந்தா சொல்லுங்கோ. வாகனம் வந்திட்டு, போயிட்டு வாறன்.

ஸ்காபரோ_திருமலை | 4.31
வந்து இறங்கினதும் செய்தி போடுங்கோ தம்பி, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். கரையில நிண்டு பாப்பம்.

பாய்மரம் | 5.02
ஜூன் கடைசிக் கிழமை நான் கல்பிட்டில தான். வாரும்.