சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கரையில் உப்பளங்கள் சதுப்பாகும் காலத்தில் நாம் கண்டவை

ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

டம்பார்ட்டன் பாலத்தின் வழியாக வேலைக்குப் போய்வரும் நம்மவர்கள், இருபுறமும் விரிந்து கிடக்கும் நீரைக் கடல் என்றே எண்ணிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அதில் பெரும்பகுதி, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மண்கரை எழுப்பிக் கடலிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பளமாக இருந்தது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் அதன் அமைப்பு எனக்கு எளிதில் பிடிபட்டது. அங்கே போலவே இங்கும் கடல்நீரை முதல் பாத்தியில் ஏற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, செறிவு கூடக்கூட அடுத்த பாத்திக்கு மடை திறந்து விடுகிறார்கள். இங்குள்ள பாத்தி ஒவ்வொன்றும் ஓர் ஏரியளவு பெரியது என்பதே வேறுபாடு.

செறிவு மாறும்போது அதில் வாழும் உயிரும் மாறுகிறது. மிகவும் உவர்த்த பாத்திகளில் டுனாலியெல்லா என்ற பாசியும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் பெருகி நீரைச் செந்நிறமாக்குகின்றன. விமானம் தரையிறங்கும்போது நாம் காணும் செம்மையும் காவியும் அவற்றின் நிறங்களே. அவ்வளவு உவர்ப்பில்லாத பாத்திகளில் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் வாழ்கிறது. விரிகுடாவின் தென்முனையிலுள்ள அல்விசோவில் கரையோரம் குனிந்து உள்ளங்கையில் நீரை அள்ளிப் பார்த்தேன். விரல்நகத்தைவிடச் சிறிய அந்த உயிர், பதினோரு இணைக் கால்களையும் அலை அலையாக அசைத்தபடி மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தது. உடல் ஏறத்தாழக் கண்ணாடிபோல் இருந்ததால் குடலில் இருந்த உணவுகூடக் கோடாகத் தெரிந்தது. முக்குளிப்பான்களும் உள்ளான்களும் குளிர்காலத்தில் இங்கே திரள்வதற்கு இந்த இறாலும் உப்புநீர் ஈக்களும் முக்கியக் காரணம்.

விரிகுடாவைச் சுற்றியிருந்த, கடல்நீர் ஏறி இறங்கும் ஓதச் சதுப்புகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, மண் கொட்டி மேடாக்கப்பட்டோ கரை கட்டிப் பிரிக்கப்பட்டோ அழிந்துவிட்டது. 1961இல் கே கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் ஆகிய மூன்று பெண்கள் பெர்க்லியில் தொடங்கிய இயக்கம்தான் 1965இல் விரிகுடாவைத் தூர்ப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு வழி வகுத்தது. 2003இல் கார்கில் நிறுவனத்தின் உப்பளங்களில் 15,100 ஏக்கர், தென்விரிகுடாவில் மட்டும், அரசின் கைக்கு வந்தது. அவற்றில் குறைந்தது பாதியையாவது மீண்டும் கடலுக்குத் திறந்துவிடுவது திட்டம்.

திறப்பது என்றால் கரையை உடைத்துவிட்டுப் போய்விடுவதன்று. 2006 மார்ச்சில் டிராபிரிட்ஜ் என்ற கைவிடப்பட்ட ஊரை ஒட்டியுள்ள ஏ19, ஏ20, ஏ21 பாத்திகளை உடைத்தார்கள். ஃப்ரீமாண்ட்டிலிருந்து சாண்டா கிளாராவுக்குச் செல்லும் ரயில் அவற்றின் நடுவே ஓடுவதால், மாற்றத்தை ஆண்டுதோறும் ஜன்னலிலிருந்தே பார்த்துவந்தேன். முதலில் வெளிறிய உப்புத்தரை. பிறகு ஓதம் கொண்டுவந்து படியவைத்த சாம்பல்நிறச் சேறு. அதில் கிளைவிட்ட சிறு ஓடைகள். அதன்பின் அங்கங்கே நம் உமரியின் உறவான பிக்கிள்வீட் திட்டுத்திட்டாகப் பச்சை பிடித்தது. நடுவதற்கு ஆளில்லாமலே அது வந்தது. சேறு போதிய உயரத்துக்குப் படிந்துவிட்டால் செடி தானே வரும் என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன். கவலையும் அந்தச் சேற்றைப் பற்றியதுதான். நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் அல்விசோ சுற்றுவட்டாரம் பல அடி தாழ்ந்துவிட்டது. அந்தப் பள்ளங்களை நிரப்பும் வேகத்தில் வண்டல் வந்து சேருமா, அதற்குள் கடல்மட்டம் முந்திக்கொள்ளுமா என்பதே கேள்வி. வருகிற வண்டலும் தூயதன்று. குவாடலூப் ஆற்றின் மேற்பகுதியில் நியூ அல்மடன் சுரங்கத்திலிருந்து கசிந்த பாதரசம் அதில் கலந்திருக்கிறது. அதனால்தான் ஏ8 பாத்தியை ஒரேயடியாக உடைக்காமல், 2011இல் மதகு வைத்துச் சிறிது சிறிதாகத் திறந்து, மீன்களிலும் பறவை முட்டைகளிலும் பாதரச அளவைக் கவனித்தார்கள். இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பாலோ ஆல்டோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, சேறு படிந்து செடி வந்தபிறகும் ஒன்று குறைகிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வரும் மிக உயர்ந்த ஓதத்தின்போது எங்கள் ஊர்ச் சதுப்புக் காப்பிடமான பேலாண்ட்ஸின் மரநடைபாதைக்குப் போனால், மற்ற நாட்களில் குரல் மட்டுமே கேட்கும் ரிட்ஜ்வேஸ் ரெயில் என்ற கானாங்கோழியை நேரில் காணலாம். 1970இலேயே அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்ட பறவை அது. நான் பார்த்த அன்று சதுப்பு முழுவதும் மூழ்கி, கம்பிளாண்ட் புதர்களின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது. அப்படி ஒரு நுனியில் அது ஒடுங்கி நின்றது. நெஞ்சு செம்பழுப்பு, விலாவில் வெள்ளைப் பட்டைகள், நீண்டு சற்று வளைந்த அலகு. மேலே ஒரு பூனைப்பருந்து தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருக்க, வெண்கொக்குகள் நீரோடு மேலேறித் தவித்த எலிகளைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.

சதுப்பின் மேட்டுப்புறத்தில் மெல்லச் சரிந்து உயரும் புதர்நிலம் ஒரு காலத்தில் இருந்தது. வெள்ளம் ஏறினால் இந்த உயிர்கள் அங்கே ஒதுங்கின. இப்போது சதுப்பு முடியும் இடத்தில் செங்குத்தான கரையும் அதன்மேல் நடைபாதையும்தான் இருக்கின்றன. பத்து கிராம் அளவே எடையுள்ள உப்புச்சதுப்பு எலிக்கும் இதே கதிதான். உலகில் இந்த விரிகுடாவையும் அதன் வடகிழக்குச் சதுப்புகளையும் தவிர வேறெங்கும் அது இல்லை. ஆகவே உடைக்கும் கரைகளைப் போலவே, கட்டும் கரைகளின் சரிவும் முக்கியம்.

யூனியன் சிட்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

இருவர் எழுதியதையும் ஏற்கிறேன். ஆனால் எல்லாப் பாத்திகளையும் திறந்துவிட வேண்டும் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஈடன் லேண்டிங் பகுதியில் காய்ந்துகிடக்கும் பாத்தித் தரையில் ஸ்னோயி ப்ளோவர் என்ற சிறு உப்புக்கொத்தி கூடு வைக்கிறது. கூடு என்பதே வெறும் குழிவுதான். வெட்டவெளியில் முட்டையும் குஞ்சும் எளிதில் கண்ணில் படுவதால், தன்னார்வலர்களுடன் சேர்ந்து அங்கே சிப்பி ஓடுகளைப் பரப்பும் வேலையில் நானும் கலந்துகொண்டேன். ஓடுகளின் வெள்ளையும் சாம்பலும் கலந்த பரப்பில் குஞ்சு அசையாமல் படுத்துவிட்டால், எட்டடி தூரத்தில் நின்றாலும் தெரிவதில்லை. 2010 டிசம்பரில் அல்விசோவின் ஏ6 பாத்தி உடைக்கப்பட்டதும், அதில் கூடு வைத்துவந்த கலிஃபோர்னியக் கடற்காகங்கள் வேறு பாத்திகளுக்கு இடம்பெயர்ந்தன. அவை பிற பறவைகளின் குஞ்சுகளைத் தின்பவை. ஓரிடத்தில் செய்யும் நன்மைக்கு இன்னோரிடம் விலை கொடுக்கிறது. எனவே சில பாத்திகளை நீர்மட்டம் பார்த்துப் பார்த்துப் பாத்தியாகவே பராமரிப்பதுதான் சரி என்பது என் கருத்து.

மார்ச் முதல் செப்டம்பர் வரை உப்புக்கொத்திகள் அடைகாக்கும் பருவம். அப்போது மூடப்பட்டிருக்கும் கரைப்பாதைகளில் படம் எடுப்பதற்காகக்கூட நுழையாதீர்கள். நாயைக் கூட்டிச்செல்ல அனுமதியில்லாத பகுதிகளில் கயிறு கட்டியும் அழைத்துச் செல்லாதீர்கள். தாய்ப்பறவை அஞ்சி எழுந்துபோனால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கையும் கண்டுகொள்ளும்.